கம்பெனிக்குள் வந்த உளவு மேசை: பிறந்த கதை

1974இல் மோட்டோரோலா தன் தொலைக்காட்சித் தொழிலை ஜப்பானின் மட்சுஷிதாவுக்கு விற்றது. காரில் பொருத்தும் ரேடியோவை 1930இல் சந்தைக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கிய கம்பெனி அது. அமெரிக்க வீடுகளில் ‘குவாசர்’ என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்த அதன் டிவி, ஜப்பானியர் கைக்குப் போனது. அதோடு நிற்கவில்லை. பேஜர், மெமரி சிப் என்று மோட்டோரோலா கால் ஊன்றிய இடங்களிலெல்லாம் ஜப்பானியச் சரக்கு குறைந்த விலையில் பக்கத்தில் வந்து நின்றது.

ஜப்பானில் தகவல் திரட்டுவது தொழில் நடத்துவதில் ஒரு பகுதியாகவே இருந்தது. 1958இல் அந்நாட்டு அரசு அமைத்த ஜெட்ரோ, வெளிநாட்டுச் சந்தை நிலவரங்களைச் சேகரித்து உள்நாட்டுத் தொழிலதிபர்களுக்குக் கொடுத்தது. மிட்சுயி, மிட்சுபிஷி போன்ற பெரிய வணிக நிறுவனங்கள் உலக நகரங்களில் கிளை வைத்து, அங்கங்கே கேட்டதையும் பார்த்ததையும் தலைமையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அமெரிக்கக் கம்பெனிகள் பலவற்றில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. விற்பனைப் பிரிவில் ஒருவர் வாடிக்கையாளரிடம் ஏதோ கேள்விப்பட்டிருப்பார். ஆய்வகத்தில் இன்னொருவர் ஒரு காப்புரிமை விண்ணப்பத்தைப் படித்திருப்பார். கணக்குப் பிரிவின் அலமாரியில் போட்டியாளரின் ஆண்டறிக்கை தூங்கும். இவை மூன்றும் ஒரே மேசைக்கு வந்து சேர வழியில்லை.

மோட்டோரோலாவில் அந்த மேசையைப் போட்டவர் ராபர்ட் கால்வின். கம்பெனியை 1928இல் தொடங்கிய பால் கால்வினின் மகன். 1959இல் தந்தை இறந்த பிறகு முழுப் பொறுப்பும் இவர் தோளுக்கு வந்தது. 1970களில் இவருக்கு வாஷிங்டனில் இன்னொரு பொறுப்பும் இருந்தது. அமெரிக்க அதிபரின் வெளிநாட்டு உளவு ஆலோசனைக் குழுவில் அவர் உறுப்பினர். 1956இல் ஐசனோவர் அமைத்த குழு அது. உளவுத்துறையில் வேலை பார்க்காத விஞ்ஞானிகள், தொழிலதிபர்கள், ஓய்வுபெற்ற தளபதிகள் போன்றோரை உட்காரவைத்து, உளவுத்துறை தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று அதிபரிடம் நேரே சொல்லச் சொல்வார்கள். போலராய்ட் கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்டும் அந்தக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தார்.

தலையாட்டிவிட்டு எழுந்து போகும் குழு அல்ல அது. சோவியத் படைபலத்தைப் பற்றி சிஐஏ எழுதும் மதிப்பீடுகள் சரியில்லை, வெளியாட்களிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்று 1970களின் நடுவில் விடாமல் வற்புறுத்தியது. 1976இல் சிஐஏ இயக்குநராக வந்த ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் அதற்கு ஒத்துக்கொண்டார். ஹார்வர்டின் வரலாற்றுப் பேராசிரியர் ரிச்சர்ட் பைப்ஸ் தலைமையில் ‘பி அணி’ அமைந்தது. சிஐஏ ஆட்கள் பார்த்த அதே தகவல்களைப் பார்த்துவிட்டு, அவர்களைவிடப் பல மடங்கு பயங்கரமான சோவியத்தை அந்த அணி வரைந்தது. அதன் கணிப்புகளில் பல மிகையானவை என்று பின்னால் தெரிந்தது. இந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கட்டுக்கட்டாகத் தகவல் இருந்தும், அதை எப்படிப் படிப்பது என்ற முறையில்தான் எல்லாம் தொங்கியது. கால்வின் இருந்தது அந்த முறையை உள்ளிருந்து பார்க்கக்கூடிய நாற்காலியில். இப்படி ஒரு வேலை தன் கம்பெனிக்கும் வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அவர் அங்கிருந்து திரும்பினார்.

1980களின் தொடக்கத்தில் அவர் ஜான் ஹெரிங்கை மோட்டோரோலாவுக்கு அழைத்துவந்தார். சிஐஏவில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் இருந்தவர் ஹெரிங். அறிவியல், தொழில்நுட்பத்துக்கான தேசிய உளவு அதிகாரி என்ற பதவியை வகித்தவர். அந்தப் பதவி என்ன என்று தெரிந்தால்தான் கால்வின் செய்த தேர்வின் அருமை புரியும். 1973 வரை அமெரிக்க அரசின் பெரிய மதிப்பீடுகளை மூத்தவர்கள் அடங்கிய ஒரு வாரியம் எழுதிவந்தது. சிஐஏ இயக்குநராக வந்த வில்லியம் கோல்பி அந்த வாரியத்தைக் கலைத்துவிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் பொருளுக்கும் ஓர் அதிகாரி என்று நியமித்தார். அந்த அதிகாரி ஒற்றர்களை ஓட்டுபவர் அல்ல. பல துறைகளில் சிதறிக் கிடப்பதைக் கேட்டு வாங்கி, ஒன்றோடு ஒன்று முரண்படுவதைச் சரிபார்த்து, முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் படிக்கக்கூடிய ஒரு தாளாக ஆக்கித் தருபவர். சுவர் ஏறிக் குதித்த அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று கால்வின் நினைத்திருந்தால் வேறு யாரையாவது பிடித்திருப்பார்.

ஹெரிங் தன்னோடு எதைக் கொண்டுவந்தார்? ரகசியங்களைக் கொண்டுவர முடியாது. சிஐஏவில் சேர்பவர்கள் போடும் கையெழுத்து உயிருள்ளவரை கட்டுப்படுத்தும். முன்னாள் அதிகாரி ஃபிராங்க் ஸ்னெப் வியட்நாமில் அமெரிக்கா கைவிட்டு ஓடிய கதையை முன் அனுமதி பெறாமல் 1977இல் புத்தகமாக எழுதினார். அதில் ரகசியம் எதுவும் வெளியானதாக அரசுகூடக் குற்றம் சாட்டவில்லை. அப்படியிருந்தும் அதில் வந்த பணத்தை அவர் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, வாசலைத் தாண்டி வெளியே வரக்கூடியது வேலை செய்யும் முறை மட்டும்தான். ஹெரிங் அதைத்தான் கொண்டுவந்தார், அதிலும் குறிப்பாகக் கேள்வி கேட்கும் முறையை.

கோல்பி காலத்தில் சிஐஏவில் ஒரு பழக்கம் வந்திருந்தது. அரசின் உச்சியில் இருப்பவர்களுக்கு அந்த ஆண்டு முக்கியமாகத் தெரிய வேண்டிய கேள்விகளைப் பட்டியலாக எழுதி, சேகரிப்பவர்களும் ஆராய்பவர்களும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்பது அது. ஹெரிங் இந்த அரசு வழக்கத்தைக் கம்பெனிக்கு ஏற்றபடி வெட்டித் தைத்தார். வேலையை அவர் தொடங்கும் இடம் நூலகம் அல்ல, முதலாளியின் அறை.

அந்த அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். ஒவ்வொரு மேலதிகாரியிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். போட்டியாளரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று நேராகக் கேட்டால், எல்லாம் தெரிய வேண்டும் என்பார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கேள்வி வேறு பக்கத்திலிருந்து வரும். வரும் மாதங்களில் நீங்கள் எடுக்கப்போகும் முடிவுகள் எவை, எந்தத் தேதிக்குள்? அந்த முடிவை எடுக்க எது தெரியாமல் தவிக்கிறீர்கள்? முன்பு எப்போது, எந்தச் செய்தி திடீரென்று வந்து உங்களைத் தூக்கிவாரிப் போட்டது? அதுபோல் இன்னொன்று வருமென்றால் எங்கிருந்து வரும் என்று பயப்படுகிறீர்கள்? போட்டியாளர், வாடிக்கையாளர், உதிரிபாகம் தருபவர், சட்டம் போடுபவர் – இவர்களில் யாரை நமக்குச் சரியாகத் தெரியவில்லை?

இந்தப் பேச்சிலிருந்து மூன்று குவியல்கள் சேரும். எடுக்க வேண்டிய முடிவுகளுக்கானவை ஒரு குவியல். முன்கூட்டியே எச்சரிக்க வேண்டியவை இரண்டாவது. களத்தில் இருக்கும் ஆட்களைப் பற்றியவை மூன்றாவது. இவற்றுக்கு ‘முக்கிய உளவுத் தலைப்புகள்’ (கீ இன்டெலிஜென்ஸ் டாபிக்ஸ்) என்று பெயர் வைத்து, தான் பழக்கத்தில் செய்துவந்ததை ஹெரிங் 1999இல் கட்டுரையாகவே எழுதினார். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ‘கிட்’ என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான்.

தலைப்பு கிடைத்தபின் அதைச் சில்லறையாக மாற்ற வேண்டும். ஒரு போட்டியாளர் புதிய சிப் தொழிற்சாலை கட்டப்போகிறாரா என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். அதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நிலம் வாங்கினால் பதிவு அலுவலகத்தில் இருக்கும். கட்ட அனுமதி கேட்டால் உள்ளூர் நிர்வாகத்தில் காகிதம் இருக்கும். கழிவுநீர் விட வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தில் எந்த ரசாயனம், எவ்வளவு என்று எழுதித்தான் ஆக வேண்டும், அதிலிருந்து ஆலையின் அளவைத் தேர்ந்த பொறியாளர் சொல்லிவிடுவார். எந்த ஊரில் எந்தப் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது செய்தித்தாள் விளம்பரத்தில் வரும். எல்லாமே சட்டப்படி யாரும் எடுத்துப் படிக்கக்கூடியவை. அரசு உளவுத்துறைகூடப் பெரும்பகுதி இப்படித்தான் இயங்கியது. வெளிநாட்டு வானொலியைக் கேட்டு எழுதவே 1941இல் அமெரிக்கா ஒரு தனிப்பிரிவு தொடங்கியது. பின்னாளில் அது வெளிநாட்டுச் செய்தித்தாள்களையும் மொழிபெயர்த்துக் குவித்தது. சினிமாவில் வரும் கதாநாயக ஒற்றனைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சப்பென்று இருக்கலாம். உண்மையான வேலையின் கனம் இதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சேர்த்ததை எடைபோடும் வேலையிலும் அரசு அனுபவம் வெளியே வந்தது. சிஐஏவின் ரிச்சர்ட்ஸ் ஹூயர், மனித மூளை எங்கெல்லாம் ஆராய்பவரை ஏமாற்றுகிறது என்று துறைக்குள் படிப்பதற்காகக் கட்டுரைகள் எழுதிவந்தார். 1999இல் சிஐஏவே அவற்றை நூலாக வெளியிட்டது. அதில் ஒரு கட்டம் வருகிறது. நடப்பதற்குச் சாத்தியமான விளக்கங்களையெல்லாம் மேல் வரிசையில் எழுத வேண்டும், கையில் உள்ள சான்றுகளைப் பக்கவாட்டில். ஒவ்வொரு சான்றும் எந்த விளக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். நமக்குப் பிடித்த விளக்கத்துக்கு எத்தனை ஆதரவு என்று எண்ணுவதில் பயனில்லை. ஒரே சான்று நாலு விளக்கத்துக்கும் பொருந்திவிடும். எதற்கு எதிரான சான்று மிகக் குறைவோ அதுவே நிற்கும். முதலாளிக்குப் பிடித்ததைச் சொல்லிப் பழகிய கம்பெனிக் கூட்டங்களில் இந்தக் கட்டத்தை மேசையில் விரித்தாலே பாதி வாய் அடைத்துவிடும்.

மோட்டோரோலாவில் வேர்விட்ட செடி சீக்கிரமே வெளியே படர்ந்தது. 1986இல் அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்று ‘ஸ்கிப்’ என்ற சங்கம் உருவானது. ஹெரிங் மோட்டோரோலாவை விட்டு ஆலோசகரானார். இஸ்ரேல் காவல்துறையில் உளவுப் பிரிவு அதிகாரியாக இருந்து பிறகு பேராசிரியரான பென் கிலாட், அரசுப் பணியே பாராமல் இந்தத் தொழிலில் வளர்ந்த லியனார்ட் ஃபுல்ட் ஆகியோரோடு சேர்ந்து 1990களின் பிற்பகுதியில் பயிற்சிக்கூடம் ஒன்றும் தொடங்கினார். அரசு செலவில் ஒருவர் கற்றது, கட்டணம் கட்டிப் படிக்கும் பாடமாக ஆனது. இதில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. ராணுவ மருத்துவர் ஓய்வுபெற்றுத் தனியார் மருத்துவமனைக்குப் போவதை யாரும் தவறென்று சொல்வதில்லை.

இப்படி ஒரு பிரிவு இருந்துவிட்டால் கம்பெனி விழாது என்று அர்த்தமில்லை. கைபேசி விற்பனையில் 1998இல் நோக்கியா மோட்டோரோலாவை முந்தியது. மோட்டோரோலா பெரும் பணத்தைக் கொட்டிய இரிடியம் செயற்கைக்கோள் போன் 1998 நவம்பரில் சேவை தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே திவாலுக்கு விண்ணப்பித்தது. எவ்வளவு நல்ல தாளாக இருந்தாலும் படித்து நடக்கும் ஒருவர் எதிரில் வேண்டும். கால்வினின் பங்கைப் பெரிதாகச் சொல்வது அதனால்தான்.

இந்தக் கதைக்கு இன்னொரு கிளையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஹெரிங்கோடு வந்தது கேள்வியும் வாசிப்பும். வேறு சிலரோடு வந்தவை மாறுவேடமும் ஊடுருவலும். 1995இல் லண்டனில் பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்ஐ6இன் முன்னாள் அதிகாரிகள் ஹக்லூட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஷெல், பிபி என்ற எண்ணெய் நிறுவனங்களுக்காக அது ஒரு ஜெர்மானியரை ஆவணப்படம் எடுப்பவர் என்ற போர்வையில் கிரீன்பீஸ் போன்ற சுற்றுச்சூழல் அமைப்புகளுக்குள் பழகவிட்டதை 2001இல் சண்டே டைம்ஸ் அம்பலப்படுத்தியது. இஸ்ரேல் உளவுத்துறையின் முன்னாள் ஆட்கள் சேர்ந்து நடத்தும் பிளாக் கியூப், ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டைனுக்காக வேலை செய்ததை 2017இல் நியூயார்க்கர் இதழில் ரோனன் ஃபாரோ எழுதினார். வைன்ஸ்டைன் மீது புகார் சொன்ன நடிகை ரோஸ் மெக்கவனிடம் ஒரு பெண் பெண்ணுரிமை ஆர்வலர் என்று சொல்லிக்கொண்டு, பொய்ப் பெயரில், மாதக்கணக்கில் நட்பாகப் பழகிப் பேச்சைப் பிடுங்கியிருக்கிறார். பாதிக்கப்பட்ட ஒருத்தியின் நம்பிக்கையைச் சம்பளத்துக்குத் திருடிய செயல் அது. இதைத் தொழில் அனுபவம் என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

இதைவிடப் பெரிய சறுக்கல் அபுதாபியில் நடந்தது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிக்குள் புகும் கலையைக் கற்றவர்கள் சிலர், ஐக்கிய அரபு அமீரகத்துக்காக ‘ரேவன்’ என்ற திட்டத்தில் சேர்ந்தார்கள். ஐபோனுக்குள் உரிமையாளர் அறியாமலே நுழையும் கருவி அங்கே பயன்பட்டது. குறிவைக்கப்பட்டவர்களில் பத்திரிகையாளர்கள் இருந்தார்கள், அகமது மன்சூர் என்ற மனித உரிமைப் போராளி இருந்தார், அமெரிக்கக் குடிமக்களும் இருந்தார்கள். 2019 ஜனவரியில் ராய்ட்டர்ஸ் இதை வெளியே கொண்டுவந்தது. 2021 செப்டம்பரில் மூன்று பேர் 16,85,000 டாலர் கட்டச் சம்மதித்து வழக்கிலிருந்து விடுபட்டார்கள். அரசில் இருந்தபோது இவர்கள் செய்வதற்கு ஒரு நீதிமன்ற ஆணையோ நாடாளுமன்றக் குழுவின் கண்ணோ தலைக்குமேல் இருந்தது, அது எவ்வளவு பழுதுள்ளதாக இருந்தாலும். வெளியே வந்தபோது வித்தை மட்டும் வந்தது, மேலே இருந்த கண் வரவில்லை. உளவுத்துறையை விட்டு விலகுபவர் 30 மாதங்களுக்கு வெளிநாட்டு அரசுகளுக்கு வேலை செய்யக் கூடாது என்று அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டது.

கம்பெனிகளுக்குள் எல்லை முன்பே எழுதப்பட்டிருந்தது. வணிக ரகசியத்தைத் திருடுவதை 1996இல் அமெரிக்கா தேசிய அளவிலான குற்றமாக்கியது. ஸ்கிப் சங்கத்தின் நெறிமுறை, யாரிடம் தகவல் கேட்கப் போனாலும் நான் யார், எந்த நிறுவனத்திலிருந்து வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்கிறது. இந்த ஒரு வரி போதும். ஆவணப்படக்காரர் வேடமும் பெண்ணுரிமை வேடமும் இந்த வரியிலேயே அடிபட்டுப்போகும். ஹெரிங்கின் மேசையோ எந்தச் சேதமும் இல்லாமல் அப்படியே இருக்கும், ஏனென்றால் அந்த மேசைக்கு வந்த எதற்கும் பொய்ப் பெயர் தேவைப்படவில்லை.

நம் ஊரிலும் காவல்துறை உளவுப் பிரிவிலிருந்தும் மத்திய அமைப்புகளிலிருந்தும் ஓய்வுபெற்று வருபவர்களை வங்கிகளும் ஆலைகளும் மென்பொருள் நிறுவனங்களும் பாதுகாப்பு, மோசடித் தடுப்பு வேலைகளுக்கு எடுத்துக்கொள்கின்றன. எடுக்கட்டும், 30 ஆண்டு அனுபவம் வீட்டுத் திண்ணையில் வீணாகப் போகக் கூடாது. அவர்களை எடுக்கும் முதலாளிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தன்னை யாரென்று மறைத்து எந்தத் தகவலும் வாங்கக் கூடாது என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த விதி அவர் கூலிக்கு அமர்த்தும் வெளியாட்களுக்கும், அந்த வெளியாட்கள் அமர்த்தும் ஆட்களுக்கும் பொருந்தும் என்று சேர்த்து எழுதுங்கள். 2001இல் சோப்பும் ஷாம்பூவும் விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள், தனக்காக வேலை செய்த வெளியாட்கள் போட்டியாளரான யூனிலீவரின் சிகாகோ அலுவலகக் குப்பையைக் கிளறிக் காகிதங்கள் எடுத்ததை அறிந்து, தானே யூனிலீவரிடம் போய் ஒப்புக்கொண்டது. கம்பெனியின் சொந்த விதிகளில் அது தடை செய்யப்பட்டுத்தான் இருந்தது. தகராறைத் தீர்க்க அந்த நிறுவனம் கொடுத்தது ஏறக்குறைய ஒரு கோடி டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.